விரல் வெளுத்தால் விசாரியுங்கள்

உள்ளுறுப்புகளைத் தாக்குவதற்கு முன்பே ஸ்க்லீரோடெர்மா கையில் அடையாளம் காட்டிவிடுகிறது. அதை நாம் ஏன் தவறவிடுகிறோம்?

ஸ்க்லீரோடெர்மா என்ற பெயரைக் கேட்டிராதவர்களே நம்மில் அதிகம். நோய் எதிர்ப்பு மண்டலம் தன் உடலையே தாக்கும் நோய்களில் அதுவும் ஒன்று. தோல் தடித்து இறுகும். நுரையீரலில் தழும்புத் திசு படரும். உணவுக்குழாய் அசைவை இழக்கும். சிலருக்கு இதயமும் சிறுநீரகமும் பாதிக்கப்படும். தோலில் ஓரிடத்தோடு நின்றுவிடும் வகையும் உண்டு. இங்கே பேசுவது உடல் முழுவதையும் தொடும் வகையைப் பற்றி. 10 லட்சம் பேரில் சுமார் 100 முதல் 300 பேருக்கு இருக்கக்கூடிய அரிய நோய் அது. ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகமாக வருகிறது. பெரும்பாலும் 30 வயதுக்கு மேல், வீடும் வேலையும் ஒருசேரத் தோளில் இருக்கும் பருவத்தில் தொடங்குகிறது. எண்ணிக்கையில் சிறியதானாலும், வந்தவர்களில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று கணக்கிட்டால் வாத நோய்களிலேயே மிகக் கொடியது இதுதான்.

இவ்வளவு கடுமையான நோய் சொல்லாமல் கொள்ளாமல் வருவதில்லை. உள்ளுறுப்புகளைத் தொடுவதற்குச் சில மாதங்களோ பல ஆண்டுகளோ முன்பே கைவிரல்களில் தன் வரவைக் காட்டிவிடுகிறது. அதைக் கண்ணால் பார்க்கலாம்; தொட்டு உணரலாம். அப்படியிருந்தும், நோயின் பெயர் தெரியவரும் நாளில் பலருக்கு நுரையீரலின் ஒரு பகுதி ஏற்கெனவே தழும்பாகியிருக்கிறது. மருத்துவ அறிவியலுக்கு இந்த அறிகுறிகள் தெரியாமலில்லை. முதல் அறிகுறியை யாரும் நோயாக எண்ணுவதில்லை. பின்னால் வருபவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, வெவ்வேறு மருத்துவர்களிடம் காட்டி, வெவ்வேறு மாத்திரை வாங்குகிறோம். தாமதத்தின் வேர் இதில்தான் இருக்கிறது. விரலையும் நெஞ்செரிச்சலையும் மூச்சிரைப்பையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், இன்று வீணாகும் காலத்தில் பெரும்பகுதியைக் காப்பாற்றிவிடலாம்.

குளிர் பட்டதும் நிறம் மாறும் விரல்

பிரெஞ்சு மருத்துவர் மோரிஸ் ரேனோ 1862இல் தன் ஆய்வேட்டில் விவரித்த நிகழ்வுதான் இந்த முதல் அறிகுறி. குளிர் பட்டதும், சில வேளைகளில் மனம் பதறியதும், விரல்களுக்குப் போகும் சிறு தமனிகள் அளவுக்கு மீறிச் சுருங்குகின்றன. ரத்தம் வராத விரல் நுனி வெளுக்கிறது. தேங்கிய ரத்தத்தில் பிராணவாயு தீரும்போது நீலம் பாய்கிறது. குழாய்கள் மீண்டும் திறக்கும்போது விரல் சிவந்து, காந்தலும் குத்தலும் எடுக்கிறது. மூன்று நிறமும் எல்லோருக்கும் வரிசையாக வருவதில்லை; கோடு கிழித்தாற்போல விரலின் ஒரு பகுதி மட்டும் வெளுத்து, மரத்து, சிறிது நேரத்தில் சரியாகிவிடுவதும் உண்டு. ஸ்க்லீரோடெர்மா நோயாளிகளில் 100க்கு 90 பேருக்கு மேல் இந்த ரேனோ நிகழ்வு இருக்கிறது. பலருக்கு அதுவே முதல் அறிகுறி. தோல் இறுக்கம் முழங்கை, முழங்கால்களுக்குக் கீழேயும் முகத்திலும் மட்டும் இருக்கும் வகையில், விரல் நிறம் மாறத் தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்தே மற்றவை தலைகாட்டும். உடம்பெங்கும் தோல் தடிக்கும் தீவிர வகையில் இந்த இடைவெளி பெரும்பாலும் ஓராண்டுக்குள் முடிந்துவிடும்.

விரல் ஏன் முந்திக்கொள்கிறது என்பதற்கு நோய் வளரும் முறையில் விடை இருக்கிறது. முதல் அடி நுண் ரத்தக்குழாய்களின் உட்சுவரில் விழுகிறது. அடிபட்ட சுவரைச் சுற்றி நோய் எதிர்ப்பு அணுக்கள் திரள்கின்றன. தன் உடலுக்கே எதிரான புரதங்கள் உருவாகின்றன. அந்தக் கிளர்ச்சியில் தூண்டப்பட்ட திசு அணுக்கள் நிறுத்தாமல் கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தைச் சுரக்கின்றன. ரத்தக்குழாய், எதிர்ப்பு மண்டலம், நார்த்திசு என்ற இந்த மூன்று கட்டங்களில் முதலிரண்டு நடக்கும்போதே தலையிட்டால் காப்பாற்றுவதற்கு நிறைய இருக்கும். மூன்றாவது முற்றிய பிறகு தலையிட்டால், மிச்சமிருப்பதைத்தான் பாதுகாக்க முடியும். நுரையீரலில் ஒருமுறை உறைந்த தழும்பைப் பழையபடி மென்திசுவாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. முதலிரண்டு கட்டங்களும் பெரும்பாலும் முதலில் வெளியே தெரியும் இடம் கை என்பதால், விரலின் நிற மாற்றத்துக்கு இத்தனை மதிப்பு.

அதே வேளையில், விரல் வெளுக்கும் எல்லோருக்கும் இந்த நோய் இல்லை. மக்கள்தொகையில் 100க்கு 3 முதல் 5 பேருக்கு ரேனோ நிகழ்வு இருக்கலாம். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது வெறும் உடல்வாகு. அப்படிப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் பதின்ம வயதிலோ இருபதுகளிலோ தொடங்கும், இரு கைகளிலும் ஒரே மாதிரி வரும், புண் ஆகாது, வருடங்கள் போனாலும் மோசமாகாது. 30 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்குவது, கடும் வலியோடு வருவது, ஒரு கையில் அதிகமாக இருப்பது, நுனியில் புண்ணோ குழியோ விட்டுச் செல்வது, வருடத்துக்கு வருடம் கூடுவது ஆகியவை வேறு கணக்கு. ஒற்றைத்தலைவலிக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தரப்படும் சில மருந்துகள், அதிரும் இயந்திரங்களைப் பிடித்துச் செய்யும் வேலை, புகைப்பழக்கம், லூப்பஸ் போன்ற நோய்கள் ஆகியவையும் விரலை வெளுக்க வைக்கலாம். ஆகவே விரல் வெளுத்ததும் எழ வேண்டியது கேள்விதான். முடிவு அதன் பின்னால் வர வேண்டும்.

ஒன்றோடொன்று சேராத தடயங்கள்

ரேனோவுக்கு அடுத்து வருவது வீக்கம். விரல்கள் காலையில் உப்பியிருக்கும்; மோதிரம் கழற்ற வராது; கையை முழுதாக மடக்கி முஷ்டி பிடிக்க முடியாது. அழுத்தினால் குழி விழாத இந்த வீக்கத்தைப் பலர் உடல் பருமன் என்றும் உப்புச்சத்து என்றும் நினைத்து விட்டுவிடுகிறார்கள். மணிக்கட்டு நரம்பு நெருக்கப்பட்டு விரல்கள் மரத்துப்போவதும் இந்தக் கட்டத்தில் நடக்கும். அதன் பின்னர் வீக்கம் வடிவது போலத் தோன்றும். உண்மையில் தோல் தடித்து எலும்போடு இறுகத் தொடங்கியிருக்கும். விரலின் மேல்தோலைக் கிள்ளி எடுக்க முடியாது. மூட்டுகளின் மேல் உள்ள சுருக்கங்கள் மறைந்துவிடும். கைகூப்பும்போது உள்ளங்கைகள் இரண்டும் ஒட்டாமல் நடுவில் இடைவெளி விழும். நீண்டநாள் சர்க்கரை நோயாளிகளுக்கும் இந்த இடைவெளி விழுவதுண்டு. விரல் வெளுப்பும் கூட இருக்கிறதா என்று கேட்பதுதான் இரண்டையும் பிரித்தறிய வழி. வாய் முன்போல அகலத் திறக்காததும் ஓர் அடையாளம். பாக்கு, பான் மசாலா பழக்கத்தாலும் வாய் இறுகும் என்பதால் அங்கேயும் கையைப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

நம் நிறத் தோலில் வேறொரு மாற்றம் கண்ணில் படும். வெயில் படாத இடங்களிலும் தோல் பரவலாகக் கறுக்கும். கழுத்து, மார்பு, மேல்முதுகு, நெற்றி ஓரம் ஆகிய இடங்களில் நிறம் போய், முடிக்கால்களைச் சுற்றி மட்டும் கறுப்புப் புள்ளிகள் எஞ்சி, உப்பும் மிளகும் தூவியது போலத் தெரியும். இதை வெண்புள்ளி என்று தவறாக எண்ணிக் களிம்பு தடவிக்கொண்டு மாதங்களைக் கழிப்பவர்கள் உண்டு. தொடக்கக் கட்டத்தில் காரணமில்லாத அரிப்பும் பலருக்கு இருக்கும். முகத்திலும் உள்ளங்கையிலும் உதட்டிலும் சிறு சிவப்புப் புள்ளிகள் தோன்றலாம். அழுத்தினால் மறைந்து, விட்டதும் திரும்பும். விரல் நுனிகளில் ஊசி குத்தியது போன்ற சிறு குழிகள் இருந்தால், அங்கே ரத்த ஓட்டம் ஏற்கெனவே பலமுறை தடைப்பட்டிருக்கிறது என்று பொருள்.

உடம்புக்குள்ளே முதலில் தடுமாறுவது பெரும்பாலும் உணவுக்குழாய். நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், சோறு நெஞ்சில் சிக்குவது போன்ற உணர்வு ஆகியவற்றை நாம் கேஸ் ட்ரபிள் என்ற ஒரே சொல்லில் அடக்கி, மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். மூட்டுவலிக்கு எலும்பு மருத்துவர், நிற மாற்றத்துக்குத் தோல் மருத்துவர், வறட்டு இருமலுக்கு நெஞ்சக மருத்துவர், அசதிக்குச் சத்து டானிக் என்று நோயாளி சுற்றுகிறார். ஒவ்வொரு மருத்துவரும் தன்னிடம் சொல்லப்பட்ட பகுதிக்குச் சரியான மருந்தே கொடுத்திருக்கலாம். விரல் வெளுப்பது மட்டும் யாரிடமும் சொல்லப்படுவதில்லை, ஏனென்றால் அதை நோய் என்று நோயாளி நினைக்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், கேட்கும் பழக்கம் மருத்துவருக்கு இல்லை. ஓவியர் பால் க்ளேயின் உடல்நலம் 1935இல் சீர்கெடத் தொடங்கி, 1940 ஜூன் 29 அன்று அவர் மறைந்தார். அவருக்கு வந்தது ஸ்க்லீரோடெர்மாதான் என்ற முடிவுக்குப் பின்னாளில்தான் மருத்துவர்கள் வந்தார்கள். அவர் மறைந்த நாளே இன்று உலக ஸ்க்லீரோடெர்மா தினமாக அனுசரிக்கப்படுகிறது.

சேர்த்துப் பார்த்தால் என்ன தெரியும்?

அறிகுறிகளைச் சேர்த்துப் பார்ப்பதால் பயனுண்டு என்பதற்கு வலுவான சான்றுகள் இருக்கின்றன. கனடாவில் ரேனோ நிகழ்வுக்காக நிபுணர்களிடம் அனுப்பப்பட்ட 586 பேரை 20 ஆண்டுகள்வரை பின்தொடர்ந்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. அவர்களில் 12.6 விழுக்காட்டினருக்குப் பின்னர் ஸ்க்லீரோடெர்மா உறுதியானது. தொடக்கத்தில் இரண்டு விஷயங்களைப் பார்த்தார்கள்: நகக்கண்ணில் உள்ள நுண் ரத்தக்குழாய்களின் வடிவம், ரத்தத்தில் இந்த நோய்க்கே உரிய எதிர்ப்புரதங்கள். இரண்டும் இயல்பாக இருந்தவர்களில் 1.8 விழுக்காட்டினரே நோயாளிகளானார்கள். இரண்டிலும் மாற்றம் இருந்தவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. ஒரே விரல் வெளுப்புக்குப் பின்னால் இவ்வளவு வேறுபட்ட இரண்டு எதிர்காலங்கள் இருக்கின்றன. அவற்றை அறிய வேண்டியவை நகக்கண்ணை உருப்பெருக்கிப் பார்க்கும் சோதனையும் ரத்தச் சோதனையும் மட்டுமே.

ஐரோப்பிய மருத்துவர்கள் மிகத் தொடக்க நிலை நோயாளிகளைப் பல நாடுகளில் பதிவுசெய்து நடத்திய ஆய்வின் முடிவு 2021இல் வந்தது. ரேனோவோடு எதிர்ப்புரதம், விரல் வீக்கம், நகக்கண் மாற்றம் போன்றவை இருந்தவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். பாதிக்கு மேற்பட்டோர் 5 ஆண்டுகளுக்குள் நோய்க்கான வரையறையை எட்டினார்கள். விரல் வீக்கமும் நோய்க்குரிய எதிர்ப்புரதமும் சேர்ந்திருந்தவர்களில் அது 94 விழுக்காடு. பலர் பொருட்படுத்தாத அந்தக் காலை வீக்கத்துக்கு எவ்வளவு கனம் இருக்கிறது என்பதை இந்த ஓர் எண் சொல்லிவிடும். மருத்துவ உலகமும் இதைத் தாமதமாகவே உணர்ந்தது. 1980இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட வரையறை தோல் தடிப்பையும் நுனிக் குழிகளையும் நுரையீரல் தழும்பையுமே கேட்டது. ரேனோ, நகக்கண், எதிர்ப்புரதம் மூன்றுக்கும் அதில் இடமில்லை. 2013இல் அமெரிக்க, ஐரோப்பிய அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட புதிய வரையறை அவற்றுக்கு மதிப்பெண் கொடுத்துச் சேர்த்துக்கொண்டது. தோல் இறுகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதை அந்த மாற்றமே ஒப்புக்கொள்கிறது.

நம் ஊர் வெயிலில் இது பொருந்துமா?

இங்கே எழும் முதல் மறுப்பு நியாயமானது. ரேனோ பனிவிழும் நாடுகளின் நோய், தமிழ்நாட்டு வெயிலில் அது எங்கே தெரியப்போகிறது என்று கேட்கலாம். ரத்தக்குழாய்கள் வெறும் குளிருக்கு மட்டும் சுருங்குவதில்லை. வெப்பநிலை சட்டென்று மாறுவதற்கும் சுருங்குகின்றன. வெளியே 38 டிகிரியில் இருந்து குளிரூட்டப்பட்ட அலுவலகத்துக்குள் நுழைவது, ஃப்ரீசரிலிருந்து இறைச்சியை எடுப்பது, மார்கழி விடியலில் வாசல் தெளிப்பது, மழையில் நனைந்து இருசக்கர வண்டி ஓட்டுவது எல்லாம் போதுமான தூண்டுதல்கள். வெப்ப நாட்டில் நிகழ்வு மென்மையாகவும் இடைவிட்டும் வரும் என்பது உண்மை. அது தவறவிடுவதற்கான காரணமாகுமே தவிர, தேடாமலிருப்பதற்கான காரணமாகாது. மாநிறத் தோலில் நிறமாற்றம் புறங்கையில் தெளிவாகத் தெரியாது. உள்ளங்கைப் பக்கத்து விரல் நுனியையும் நகத்தடியையும் பார்க்க வேண்டும். மருத்துவரிடம் போகும் நேரத்தில் விரல் சரியாகிவிடும் என்பதால், வெளுக்கும்போதே கைபேசியில் ஒரு படம் எடுத்து வைப்பது பெரிய உதவி. இந்திய நோயாளர் தொகுப்புகளில், நுரையீரல் தழும்போடு அதிகம் தொடர்புடைய ஸ்க்ல்-70 என்ற எதிர்ப்புரதம் அடிக்கடி காணப்படுகிறது. ஆகவே நம்மிடம் விரலைத் தவறவிட்டால் இழப்பு கூடுதலாகவே இருக்கும்.

அடுத்த மறுப்பு, அரிய நோய் ஒன்றுக்காக ஊரையே பயமுறுத்தலாமா என்பது. பயம் பெருகுவது சோதனையைத் தாறுமாறாகச் செய்யும்போதுதான். ஏஎன்ஏ என்ற ரத்தச் சோதனை 1:80 நீர்ப்பில் ஆரோக்கியமானவர்களிலேயே 100க்கு 13 பேருக்கு நேர்மறையாக வரும் என்று 1997இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. அசதி, முதுகுவலி என்று வருபவர்களுக்கெல்லாம் ஏஎன்ஏ எழுதிக்கொடுத்தால் ஆயிரக்கணக்கானோர் தேவையில்லாமல் தூக்கமிழப்பார்கள். அதே சோதனையை ரேனோ உள்ளவருக்குச் செய்தால் அதன் பொருளே வேறு. கனடா ஆய்வின் 1.8 விழுக்காட்டை இன்னொரு பக்கமிருந்தும் படிக்கலாம்: நகக்கண்ணும் எதிர்ப்புரதமும் இயல்பாக இருந்தவர்களில் 100க்கு 98 பேர் நோயின்றியே இருந்தார்கள். இதுவும் நிபுணர்களிடம் அனுப்பப்பட்டவர்களின் கணக்கு. பொதுமக்களில் ஆபத்து இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஒழுங்கான விசாரணை பெரும்பாலோருக்கு நிம்மதியையே கொடுக்கும்.

முன்கூட்டி அறிந்து என்ன பயன்?

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு இதுதான்: முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இல்லாத நோயைச் சீக்கிரம் கண்டுபிடித்தால், கவலைப்படும் ஆண்டுகள்தானே கூடும்? இதற்குச் சிறுநீரகத்தின் வரலாறு பதில் சொல்கிறது. இந்த நோயில் சிலருக்கு ரத்த அழுத்தம் திடீரென்று எகிறி, சில நாட்களில் சிறுநீரகம் செயலிழக்கும். கேப்டோபிரில் போன்ற ஏசிஇ தடுப்பு மருந்துகள் வருவதற்கு முன் அப்படி ஆனவர்களில் 15 விழுக்காட்டினரே ஓராண்டு உயிர்வாழ்ந்தார்கள். மருந்து பெற்றவர்களில் அது 76 விழுக்காடானது என்று 1990இல் வந்த அமெரிக்க ஆய்வு பதிவுசெய்தது. நோயையே ஒழிக்கும் மருந்து இல்லாமலே, ஓர் உறுப்பின் கதை தலைகீழாக மாறியது. ஆனால் அந்த மருந்து வேலை செய்ய, அழுத்தம் ஏறிய உடனே கொடுத்தாக வேண்டும். தனக்கு ஸ்க்லீரோடெர்மா இருப்பது தெரிந்து வீட்டிலேயே அழுத்தம் பார்த்துவரும் நோயாளிக்குத்தான் அந்த வேகம் கிடைக்கும்.

நோயின் பெயர் தெரியாமலிருப்பது நேரடியாகவே தீங்கு செய்வதும் உண்டு. விரல் வீங்கி மூட்டு வலிக்கும் ஒருவரை முடக்குவாத நோயாளி என்று கருதி, அதிக அளவில் ஸ்டீராய்டு கொடுப்பது அரிதான காரியமில்லை. வலி சட்டென்று குறையும் என்பதால் நோயாளியும் நம்பிக்கையோடு விழுங்குவார். தீவிர வகை ஸ்க்லீரோடெர்மாவில் நாளொன்றுக்கு 15 மில்லிகிராமும் அதற்கு மேலும் பிரெட்னிசோலோன் எடுப்பது அந்தச் சிறுநீரக நெருக்கடிக்கு வழி திறக்கிறது என்பது 1990களிலேயே தெரிந்த உண்மை. வீங்கிய விரலைப் பார்த்து மருந்துச்சீட்டு எழுதும் முன், குளிரில் விரல் வெளுக்குமா என்று கேட்டிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய ஆபத்து அது.

சிறுநீரக மரணங்கள் குறைந்த பின் முதலிடத்துக்கு வந்திருப்பது நுரையீரல். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக நோயாளர் பதிவுகளின்படி, 1970களின் தொடக்கத்தில் இந்த நோயால் ஏற்பட்ட மரணங்களில் 42 விழுக்காடு சிறுநீரகத்தாலும் 6 விழுக்காடு நுரையீரல் தழும்பாலும் நேர்ந்தன. 30 ஆண்டுகளில் அது 6, 33 என்று இடம் மாறியது. தழும்பு முதல் சில ஆண்டுகளில்தான் வேகமாகப் படர்கிறது. இரைப்பு தெரிவதற்கு முன்பே சிடி ஸ்கேனில் தென்படலாம். அப்போது சிகிச்சை தொடங்கினால் பயனுண்டு. 2006இல் சைக்ளோஃபாஸ்பமைடு, 2016இல் அதைவிடப் பொறுத்துக்கொள்ள எளிதான மைக்கோஃபீனோலேட் ஆகியவற்றின் ஆய்வுகள் அதைக் காட்டின. 2019இல் வந்த நின்டெடானிப் ஆய்வில் நுரையீரலின் காற்றுக் கொள்ளளவு இழப்பு ஆண்டுக்குச் சராசரி 93 மில்லிலிட்டரிலிருந்து 52 மில்லிலிட்டராகக் குறைந்தது. இந்த மருந்துகள் இழப்பின் வேகத்தைக் குறைக்கின்றனவே தவிர, இழந்ததைத் திருப்பித் தருவதில்லை. சீக்கிரம் தொடங்க வேண்டியதன் காரணமே அதுதான்: பாதுகாக்க நிறைய நுரையீரல் மிச்சமிருக்கும்போது தொடங்கினால்தான் இந்த வேகக் குறைப்புக்கு முழு மதிப்பு.

இங்கே ஒரு நுட்பமான ஐயம் எழும். நுரையீரல் தமனி அழுத்தம் என்ற ஆபத்தான சிக்கலை எடுத்துக்கொள்வோம். பிரான்சில் 2011இல் வெளியான ஒப்பீட்டில், திட்டமிட்டுத் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 64 விழுக்காட்டினர் 8 ஆண்டுகள் வாழ்ந்தார்கள். தொந்தரவு முற்றி வந்தவர்களில் 17 விழுக்காட்டினர்தான். சீக்கிரம் கண்டுபிடித்ததால் கடிகாரத்தை முன்னதாக ஓடவிட்டோம், அதனால் ஆயுள் நீண்டதாகத் தெரிகிறது என்று ஒருவர் வாதிடலாம். ஒவ்வொரு பிரிவிலும் 16 பேரே இருந்த சிறிய ஆய்வு என்பதால் அந்த வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. வித்தியாசத்தில் ஒரு பங்கு அப்படி வந்ததாகவே இருக்கலாம். ஆனால் சிறுநீரக மருந்துக்கும் நுரையீரல் மருந்துகளுக்கும் உள்ள சான்று இந்த ஒப்பீட்டை நம்பி நிற்கவில்லை. அங்கே நாம் தடுப்பது எந்தச் சேதம், எதனால் தடுக்கிறோம் என்பது தனியாகவே தெரியும். எல்லோருக்கும் ஆயுள் நீளும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. தவிர்க்கக்கூடிய சேதம் என்று ஒன்று இருக்கிறது, அது தொடக்க ஆண்டுகளில் நடக்கிறது என்பது மட்டும் உறுதி.

எங்கே, எப்படித் தொடங்குவது?

இதற்குப் பெரிய மருத்துவமனையோ விலையுயர்ந்த இயந்திரமோ முதல் நாளில் தேவையில்லை. விரல் வெளுக்குமா, மோதிரம் இறுகியிருக்கிறதா, சோறு நெஞ்சில் சிக்குகிறதா, மாடி ஏறினால் முன்பைவிட இரைக்கிறதா என்ற நான்கு கேள்விகளை எந்த மருத்துவரும் இரண்டு நிமிடத்தில் கேட்டுவிடலாம். நகக்கண்ணில் ஒரு துளி எண்ணெயோ ஜெல்லோ விட்டு, தோல் மருத்துவரின் டெர்மாஸ்கோப்பால் பார்த்தாலே, வீங்கிப் பெருத்த ரத்தக்குழாய்களும் நுண் கசிவுகளும் பெரும்பாலும் தெரிந்துவிடும். ரேனோ உள்ளவருக்கு வீக்கமோ நகக்கண் மாற்றமோ இருந்தால், ஒளிர்முறையில் செய்யப்படும் ஏஎன்ஏ சோதனையோடு ருமட்டாலஜிஸ்ட்டிடம் அனுப்ப வேண்டும். நோய் உறுதியானால், இரைப்பு இல்லாவிட்டாலும் நுரையீரல் சிடி ஸ்கேன், மூச்சுச் சோதனை, எக்கோ ஆகியவற்றை எடுத்து அடிப்படை நிலையைப் பதிவுசெய்துகொள்வது அவசியம். சென்னை மருத்துவக் கல்லூரியிலும் வேலூர் சிஎம்சியிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் இத்தகைய வாத நோய்களுக்கென்றே தனித் துறைகள் இருக்கின்றன. மாவட்டத்திலிருந்து அங்கே அனுப்பிவைக்க வேண்டிய முதல் மருத்துவரிடம்தான் சங்கிலி அறுபடுகிறது.

ஆண்களுக்கு இது வராது என்ற எண்ணமும் மாற வேண்டும். எடின்பரோ மருத்துவர் பைரம் பிராம்வெல் 1914இலேயே கல்தச்சர்களிடம் இந்த நோய் கூடுதலாகத் தென்படுவதைக் கவனித்தார். 1957இல் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடமும் அதே தொடர்பு பதிவானது. சிலிக்கா தூசிதான் பொதுக் காரணி. கல்குவாரி, கல் அறுக்கும் பட்டறை, மணல் வீச்சு ஆகிய வேலைகளில் நம் ஊரில் ஆயிரக்கணக்கானோர் அந்தத் தூசியைச் சுவாசிக்கிறார்கள். அவர்களுக்கு இரைப்பு வந்தால் காசநோயையும் தூசி நோயையும் தேடுகிறோம், தேட வேண்டியதுதான். கூடவே விரல்களையும் பார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது 30 வயதுக்கு மேல் விரல் வெளுக்கத் தொடங்கியிருந்தால், அதோடு கை உப்பியிருந்தால், விடாத நெஞ்செரிச்சலோ இரைப்போ சேர்ந்திருந்தால், எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, வெளுத்த விரலின் படத்தோடு ஒரே மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஸ்டீராய்டு எழுதிக்கொடுத்தால், இது ஸ்க்லீரோடெர்மாவாக இருக்குமா என்று தயங்காமல் கேளுங்கள். புகையிலையை விட்டுவிடுங்கள்; கையையும் உடலையும் வெதுவெதுப்பாக வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோருக்கு ஒன்றுமில்லை என்ற நல்ல பதிலே கிடைக்கும். மற்றவர்களுக்கு, நுரையீரலும் சிறுநீரகமும் கெடாமல் இருக்கும்போதே சிகிச்சையைத் தொடங்கும் வாய்ப்புக் கிடைக்கும்.